நான்காம் தலைமுறை கோல்ஃப் காரின் பம்பர்களைக் கழற்றும் முறை

1997-இல் வெளிவந்த நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரில் ஹெட்லைட்டை முழுவதுமாக வெளியே எடுக்க வேண்டுமென்றால், முன் பம்பர் முதலில் இறங்கியாக வேண்டும். வெளியே நமக்குத் தெரிவது பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் மேலுறை மட்டுமே. மோதலைத் தாங்கும் குறுக்குச் சட்டம் அதற்குப் பின்னால் தனியாக போல்ட் செய்யப்பட்டிருக்கிறது. அதைத் தொட வேண்டியதில்லை. வேறு சில ஜெர்மன் கார்களில் மேலுறையும் சட்டமும் சேர்ந்தே இறங்கும் என்பதால், இந்த விளக்கத்தை அப்படியே மற்ற மாடல்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

கருவிகளில் நான் விட்டுக்கொடுக்காதது நல்ல டார்க்ஸ் (நட்சத்திர வடிவ முனையுள்ள) பிட்டுகள். டி25, டி30 இரண்டும் வேண்டும். இவற்றின் அகல வேறுபாடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். ஆகவே டி30 திருகுக்குள் டி25 பிட் தாராளமாக நுழைந்துவிடும், சற்றே பிடிப்பதுபோலவும் தோன்றும், ஆனால் அழுத்தித் திருப்பியதும் திருகின் தலை மழுங்கிப்போகும். பிட்டை வைத்தவுடன் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அது சரியான அளவு அல்ல. கால் அங்குல ராட்செட்டும் ஒரு நீட்டிப்புத் தண்டும் போதும். இம்பாக்ட் கன்னை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன், ஏனெனில் மெல்லிய தகட்டில் செருகியிருக்கும் கிளிப் நட்டுகள் அதன் வேகத்தைத் தாங்காமல் இடம் பெயர்ந்து திருகோடு சேர்ந்து சுழலத் தொடங்கிவிடும். கிளிப்புகளை நெம்புவதற்குப் பிளாஸ்டிக் நெம்புகோலையே பயன்படுத்துங்கள். தட்டை ஸ்க்ரூடிரைவர் பெயின்ட்டைக் கீறிவிடும்.

பானெட்டைத் திறந்து, கிரில்லின் மேல் விளிம்பில் உள்ள கிளிப்புகளை விடுவித்து, அதை முன்பக்கமாகச் சாய்த்து எடுத்துவிடவும். அதன் பின்னால் மேல் வரிசைத் திருகுகள் தெரியும். அவற்றை இளக்கி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கழற்ற வேண்டாம். கடைசி வரை பம்பரின் எடையைத் தாங்கப்போவது அவைதான். அடுத்து, கீழ்ப்புறம் சென்று அடித்தட்டோடு பம்பரை இணைக்கும் திருகுகளை எடுக்கவும்.

இனிச் சக்கர வளைவு. இடப்பக்கத்தில் வேலை செய்யும்போது ஸ்டியரிங்கை முழுவதும் வலப்புறமாகத் திருப்பி வையுங்கள். டயரின் முன்பகுதி உள்ளே ஒதுங்கி, கை நுழைய இடம் கிடைக்கும். வலப்பக்கத்திற்கு இதைத் தலைகீழாகச் செய்யவும். சக்கர வளைவின் பிளாஸ்டிக் உள்ளுறையையும் பம்பரின் ஓரத்தையும் இணைக்கும் திருகுகள் இங்கேதான் இருக்கின்றன. சேறும் நீரும் நேராக வந்து அடிக்கும் இடம் என்பதால், பழைய காரில் இவற்றின் தலைக்குழிகள் மண்ணால் நிரம்பிக் கல்போல் இறுகியிருக்கும். ஒரு கூரான ஊசியால் அந்தக் குழியை அடிவரை சுரண்டிச் சுத்தம் செய்த பிறகே பிட்டை வைக்க வேண்டும். பாதிக் குழியில் பிடித்த பிட் கட்டாயம் நழுவும். துரு இளக்கும் எண்ணெயைத் திருகு தகட்டில் நுழையும் பின்பக்கத்தில் தெளித்து, பொறுமையாக ஊற விடுங்கள். கிளிப் நட் சேர்ந்து சுழன்றால், உள்ளுறையை விலக்கிப் பின்னாலிருந்து அதைக் குறட்டால் பிடித்துக்கொண்டு திருகவும்.

திருகுகளின் எண்ணிக்கையை மனப்பாடம் செய்து கொண்டு இறங்காதீர்கள். இத்தனை ஆண்டுகளில் யாரோ பழுது பார்த்தபோது சில திருகுகள் காணாமல் போயிருக்கலாம், வேறு சில புதிதாகச் சேர்ந்திருக்கலாம். விளக்கை அடித்து, விளிம்பு முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். எல்லாம் கழன்ற பம்பர் இலேசாக அசைந்துகொடுக்கும். ஓரிடத்தில் மட்டும் விறைத்து நின்றால் அங்கே ஒரு திருகு மிச்சம் இருக்கிறது என்றே பொருள்.

பெரும்பாலான பம்பர்கள் உடைவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பம்பரின் இரு ஓரங்களும் மட்கார்டுக்குக் கீழே பொருத்தப்பட்ட ஒரு பிளாஸ்டிக் தண்டவாளத்தில் கோத்து நிற்கின்றன. திருகையெல்லாம் எடுத்த பிறகும் பம்பர் வராதபோது, ஓரத்தைப் பிடித்து வெளிப்புறமாக விரித்து இழுக்கத்தான் கை போகும். அப்படி இழுத்தால் தண்டவாளத்தின் பற்களோ பம்பரின் காதுகளோ முறிந்துவிடும். பிறகு எத்தனை திருகு போட்டாலும் அந்த இடைவெளி சரியாகச் சேராது. அது வர வேண்டிய திசை நேராக முன்பக்கம். குளிரில் பிளாஸ்டிக் மேலும் முறியும் தன்மை அடையும். முடிந்தால் வெயிலில் நிறுத்தி வைத்த பிறகு செய்யுங்கள். மட்கார்டின் முனையில் பேப்பர் டேப் ஒட்டி, ஆளுக்கொரு ஓரமாக இருவர் நின்று, மேல் திருகுகளை இப்போது எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் சம அளவில் நகரும்படி முன்னால் இழுக்கவும்.

ஒரு சாண் அளவு வந்ததும் நிறுத்துங்கள். வெளி வெப்பநிலை சென்சார், பம்பரில் பொருத்தியிருந்தால் பனி விளக்குகள் ஆகியவற்றின் வயர்கள் இன்னும் காரோடு இணைந்திருக்கும். பழைய கனெக்டர்களின் பூட்டு நாக்கு எளிதில் ஒடியும். கனெக்டரை முதலில் இன்னும் உள்ளே அழுத்தினால் நாக்கின் மீதுள்ள இறுக்கம் தளரும்; அந்த நிலையில் நாக்கை அமுக்கிக்கொண்டு பின்னுக்கு இழுத்தால் சுலபமாக வந்துவிடும். வயரைப் பிடித்து ஒருபோதும் இழுக்க வேண்டாம்.

பின் பம்பரும் இதே முறைதான்: சக்கர வளைவு, கீழ்ப்புறம், டிக்கியைத் திறந்தால் தெரியும் மேல் விளிம்பு என்று திருகுகளைத் தேடி எடுத்து, நேராகப் பின்பக்கம் இழுக்க வேண்டும். கோல்ஃபில் நம்பர் பிளேட் பின் பம்பரிலேயே இருப்பதால், அதன் விளக்குக்கான வயரும் பம்பரோடு வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

திரும்ப மாட்டும்போது வயர்களை முதலில் இணைத்து, விளக்குகள் எரிகின்றனவா, வெப்பநிலை காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு இரு ஓரங்களையும் தண்டவாளத்தில் ஒரே நேரத்தில் செலுத்தவும். எல்லாத் திருகுகளையும் கையால் சில சுற்று ஏற்றி, ஹெட்லைட்டுக்கும் பம்பருக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக வந்த பின்னரே இறுக்க வேண்டும். பிளாஸ்டிக்கை நசுக்கும் அளவுக்கு இறுக்கக் கூடாது.

பிற்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்தவர்கள், ஹெட்லைட் கழுவும் வசதி உள்ள கார்களைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அவற்றில் பீச்சுக்குழலுக்கான ரப்பர் குழாயும் பம்பரோடு இணைந்திருக்கும். அதைக் கழற்றினால் தொட்டித் தண்ணீர் வெளியேறிவிடும். கீழே ஒரு வாளியை வைத்து, குழாயின் முனையைப் பொருத்தமான போல்ட்டால் அடைத்துவிடுங்கள்.