கள்ளிமந்தாரைப் போத்தை வெட்டிய அன்றே நடாதீர்கள்

கள்ளிமந்தாரை, ஈழத்தலரி, புளுமேரியா என்று ஆளுக்கொரு பெயர் சொன்னாலும் நடும்போது எல்லாரும் செய்யும் பிழை ஒன்றுதான். நானும் செய்தேன். என் முதல் மூன்று போத்துகளை, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டுகளை, வெட்டிய கையோடு நட்டு, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். மூன்றும் அடியில் கொழகொழத்துப் போயின. தண்டு நிறைய நீரும் பாலும் இருக்கிற செடி இது. காயம் ஆறுமுன் ஈரமண்ணில் வைத்தால் அழுகத்தான் செய்யும்.

இப்போது நான் செய்வது இப்படி. பச்சைத் தண்டை விட்டு, தோல் சாம்பல் நிறமாக முற்றிய கிளையில் ஒன்று முதல் ஒன்றரை அடி வெட்டுகிறேன். வடியும் பால் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பெரும் தொல்லை; கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பெரிய இலைகளைக் கிள்ளிவிட்டு, நிழலில் 10 முதல் 14 நாள் சாத்தி வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து கெட்டிப்பட வேண்டும். தோல் லேசாகச் சுருங்கினால் பயம் வேண்டாம்.

பாதிக்குப் பாதி ஆற்றுமணல் கலந்த மண்ணில் நான்கு அங்குல ஆழம் போதும். குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள், ஆடினால் புதுவேர் அறுந்துவிடும். நட்டதும் ஒருமுறை தண்ணீர். பிறகு மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும். நுனியில் இலை எட்டிப் பார்த்ததுமே வேர் பிடித்துவிட்டது என்று நம்பி ஊற்ற ஆரம்பிக்காதீர்கள். தண்டில் சேர்த்து வைத்த நீரிலேயே முதல் இலை வரும். வேருக்கு 6 முதல் 8 வாரம் ஆகும். பிடுங்கிப் பார்க்கவே கூடாது.

விதையிலும் வளரும், ஆனால் தாய்ச்செடியின் நிறம் வருமென்று சொல்ல முடியாது. பிடித்த நிறம் வேண்டுமென்றால் போத்துதான்.

வேர் பிடித்தபின் நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் கொடுங்கள். பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும். மொட்டு வரும் நேரத்தில் நுனியை வெட்டினால் அந்தக் கிளையின் பூ போச்சு. பூத்து முடிந்த நுனிக்குக் கீழே இரண்டு மூன்றாகக் கிளை பிரியும், மரம் அகலமாவது அப்படித்தான். இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொடி தெரிந்தால் துருநோய். அந்த இலைகளைப் பறித்து அப்புறப்படுத்துங்கள், உதிர்ந்தவற்றையும் விடாதீர்கள்.

இரவில் பக்கத்தில் போய் நில்லுங்கள், மணம் கூடியிருக்கும். அந்துப்பூச்சிகளை வரவழைக்கும் மணம் அது. பூவில் தேன் கிடையாது. தேடி வந்த பூச்சி ஏமாந்து அடுத்த பூவுக்குப் போகும், மகரந்தமும் கூடவே போகும்.

குளிரிலோ வறட்சியிலோ சிவப்பு, மஞ்சள் வகைகள் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்கிப் போட்டவர்களைப் பார்த்து மனசு நொந்திருக்கிறேன். தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீரைக் குறைத்துக்கொண்டு புதுத் தளிர் வரும்வரை அப்படியே விடுங்கள்.