மடியில் வைத்துத் தட்டச்சு செய்ய டேப்லெட் விசைப்பலகை: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேப்லெட்டுக்கு விசைப்பலகை வாங்குவோர் பெரும்பாலும் கடையின் மேசைமீது வைத்தே தட்டிப் பார்க்கிறார்கள். மேசைமீது எந்த விசைப்பலகையும் ஓரளவு நன்றாகத்தான் இருக்கும். தொடைகளோ சமமாகவும் இருப்பதில்லை, அசையாமலும் இருப்பதில்லை. எனவே மடியில் வைத்து எழுதுவதே முதன்மைத் தேவை என்றால், ஒரு நாற்காலியில் அமர்ந்து, டேப்லெட்டையும் பொருத்தி, இரண்டு பத்தியாவது அடித்துப் பார்க்காமல் பணம் கட்டுவதே முதல் தவறு.

பின்புறம் ஸ்டாண்டை விரித்து நிறுத்தும் வகைகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ப்ரோவில் ஸ்டாண்டு டேப்லெட்டின் முதுகிலேயே இருக்கிறது. வேறு பலவற்றில் உறையே மடிந்து முட்டுக்கொடுக்கிறது. எப்படியானாலும், விசைப்பலகையின் ஆழத்தோடு பின்னால் நீளும் ஸ்டாண்டும் சேர்வதால், ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் இடம் தேவைப்படுகிறது. அமர்ந்த நிலையில் வயிற்றிலிருந்து முழங்கால் வரை அவ்வளவு இடம் இல்லாதவர்களுக்கு ஸ்டாண்டு முழங்காலைத் தாண்டி நழுவும். இடம் இருப்பவர்களுக்கும் அதன் மெல்லிய விளிம்பு சிறிது நேரத்தில் தொடையில் அழுந்தத் தொடங்கும். கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே அளவுநாடாவால் அளந்துகொள்வது நல்லது. உறையோடு வரும் மெல்லிய துணி விசைப்பலகைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: இரு தொடைகளுக்கும் நடுவே தாங்கல் இல்லாததால், தட்டும்போதெல்லாம் பலகை நடுவில் குழிந்து எழும்பும்.

எடை குறைவாக இருப்பதே சிறப்பு என்று எண்ணுவதும் தவறே. மடிக்கணினியைப் போலக் கீல் வைத்த விசைப்பலகையில், மேலே இருக்கும் டேப்லெட்டின் எடையைக் கீழ்ப்பகுதி சமன்செய்தாக வேண்டும்; இல்லாவிட்டால், திரையின் மேல் ஓரத்தை விரலால் தொட்ட உடனே முழுவதும் பின்னால் சாயும். ஆப்பிள் 2020இல் வெளியிட்ட மேஜிக் கீபோர்டு, டேப்லெட்டை விசைகளின் பக்கமாக முன்னே இழுத்துத் தாங்குகிறது, கனமாகவும் இருக்கிறது. மடியில் அது உறுதியாக நிற்பதற்கு இவ்விரண்டுமே காரணம். அதற்கான விலையையும் அறிந்திருக்க வேண்டும்: அதே ஆண்டின் 12.9 அங்குல ஐபேட் ப்ரோவோடு சேர்த்தால் எடை 1.3 கிலோவைத் தாண்டும். அந்த ஆண்டின் மேக்புக் ஏர் அதைவிட லேசானது. அவ்வளவையும் சுமக்க வேண்டுமா என்பதை வாங்கும் முன்பே யோசிப்பது மேல்.

மடி மேசையைவிடத் தாழ்ந்திருப்பதால், கழுத்தை வளைக்காமல் படிக்கத் திரை இன்னும் அதிகமாகப் பின்னால் சாய வேண்டும். இரண்டு மூன்று நிலைகளில் மட்டுமே நிற்கும் உறைகள் இதற்கு உதவா.

விசைகளின் அளவை எவரும் உரிய கவனத்தோடு பார்ப்பதில்லை. வழக்கமான விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு வரிசை முழுமையாக அமைய 28 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலம் வேண்டும். 11 அங்குல டேப்லெட்டின் நீளமோ 25 சென்டிமீட்டர் அளவுதான். குறையும் இடத்தைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் வலது ஓரத்து விசைகளைச் சுருக்கியே ஈடுகட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் அவை நிறுத்தக்குறிகளும் அடைப்புக்குறிகளும் என்பதால் பாதிப்பு குறைவு. ஆனால் 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 என்ற விசை அமைப்பு முறையில் ச, ஞ, ந, ய ஆகிய நான்கும் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. ச, ந, ய இல்லாமல் ஒரு வரி எழுதுவதே கடினம். அவற்றைப் பாதி அகல விசைகளில் சுண்டுவிரலால் தேடிப் பிடிப்பது பெரும் தொல்லை. ஆங்கில விமர்சனங்களை மட்டும் படித்து வாங்குபவர்களுக்கு இது வீட்டுக்கு வந்த பிறகே தெரியும்.

இணைப்பு முறையைப் பற்றி ஒன்று மட்டும்: புளூடூத் விசைப்பலகைகள் மின்சாரத்தைச் சேமிக்க உறங்கிவிடுவதால், இடைவெளிக்குப் பின் அடிக்கும் முதல் சில எழுத்துகள் விடுபடக்கூடும். டேப்லெட்டின் தொடுமுனைகள் (விளிம்பிலோ முதுகிலோ உள்ள சிறு உலோகப் புள்ளிகள்) வழியாக இணைபவற்றுக்கு இந்தச் சிக்கலோ தனியாக மின்னேற்றும் வேலையோ பொதுவாக இல்லை.

திரையில் தோன்றும் விசைப்பலகையில் தமிழ் வேலை செய்கிறது என்பதால், வெளியில் இணைக்கும் விசைப்பலகையிலும் அதே தளக்கோலம் (எந்த விசையில் எந்த எழுத்து என்ற அமைப்பு) கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டின் அமைப்புகளும் வேறாக இருக்கலாம். உங்கள் டேப்லெட்டையே கடைக்கு எடுத்துச் சென்று, தமிழ்99ஐத் தேர்ந்தெடுத்து, மடியில் வைத்து ‘சஞ்சிகை’, ‘ஞாயிறு’, ‘நியாயம்’ ஆகிய மூன்று சொற்களையும் விசைகளைப் பார்க்காமல் அடித்துப் பாருங்கள்.