முதியோர் இல்லத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் உள்ளே போகிறதா? கண்டுபிடிப்பது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டம் சூழ்ந்த ஊர்களில் இப்போது பல குடும்பங்களின் நிலைமை இதுதான்: பிள்ளைகளுக்குக் கோலாலம்பூரிலோ ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ வேலை, லயத்து வீடு எப்போதோ போய்விட்டது, அப்பாவோ அம்மாவோ டவுன் பக்கம் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) நடக்கும் முதியோர் இல்லத்தில். ஞாயிற்றுக்கிழமை போனால் தரை பளபளவென்று இருக்கிறது, கட்டிலுக்குப் பக்கத்தில் ஜக்கு நிறையத் தண்ணீர். அந்த ஜக்கைப் பார்த்து நிம்மதியாகி வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். மதியம் 3 மணிக்கும் அது நிறைந்தே இருந்தால் யாரும் குடிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

வயதானால் தாக உணர்வு மங்கிவிடும், சிறுநீரகமும் முன்பு போலத் தண்ணீரைப் பிடித்து வைக்காது. இனிப்புநீர் (சர்க்கரை நோய்) கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், இதயத்துக்கோ இரத்த அழுத்தத்துக்கோ நீர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சிறுநீரில் இன்னும் கூடுதலாகப் போய்விடும். "தாகம் எடுத்தால் கேட்பாரே" என்று இல்லத்தில் சொன்னால் அந்தப் பதிலை ஏற்காதீர்கள், அவர் கேட்கவே மாட்டார். அதிலும் நம் பாட்டிமார் இருக்கிறார்களே, பாத்ரூமுக்கு அடுத்தவரைக் கூப்பிட வேண்டுமே என்ற கூச்சத்தில் வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பார்கள். சில இடங்களில் பேம்பர்ஸ் மாற்றும் வேலை மிச்சம் என்று மாலைக்கு மேல் தண்ணீரே கொடுப்பதில்லை. இது அலட்சியம், வேறு பெயர் வைக்க வேண்டாம்.

சரி, போனதும் என்ன பார்ப்பது? முதலில் கப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாதம் வந்து வலது கை விழுந்தவருக்கு வலது பக்க மேசையில், மூடி இறுக்கிய போத்தலில் வைத்திருப்பார்கள். அது ஈப்போவில் இருப்பதும் ஒன்றுதான். அடுத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். நாக்கு வெடித்து, எச்சில் நூல் மாதிரி ஒட்டி, உதடு தோல் உரிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். கைத்தோலைக் கிள்ளிப் பார்ப்பது இந்த வயதில் உதவாது, தோல் எப்படியும் தளர்ந்துதான் இருக்கும். பேம்பர்ஸைக் கேளுங்கள்: காலையில் கட்டியது மதியம் வரை காய்ந்தே இருந்தாலும், சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் வந்தாலும் நல்லதல்ல. மலச்சிக்கல், எழுந்து நின்றால் தலைசுற்றல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று, இவையும் சேர்ந்தால் இரத்தப் பரிசோதனை கேளுங்கள், நிச்சயமாகச் சொல்வது அதுதான்.

நேற்று வரை பேரன் பெயரைச் சரியாகச் சொன்னவர் இன்று உளறுகிறார், அல்லது எழுப்ப எழுப்பத் தூங்குகிறார் என்றால் "வயசாயிடுச்சுங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வரக் கூடாது. ஓரிரு நாளில் ஆள் மாறுவது வயதால் அல்ல, உடம்பில் ஏதோ நடக்கிறது, அன்றே டாக்டர் பார்க்க வேண்டும்.

அளவு தெரிந்திருக்கட்டும். பொதுவாக வயதான பெண்களுக்கு ஒரு நாளைக்குக் குடிப்பதாக மட்டும் 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர், அதாவது 200 மில்லி கப்பில் எட்டு, பத்து. இதயம் அல்லது சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டாக்டர் அளவு குறைத்திருப்பார், அவர்களுக்கு அந்தக் கணக்குதான். சும்மா "நல்லா குடிக்க வைக்கிறோம்" என்றால் விடாமல் இப்படிக் கேளுங்கள்: "அக்கா, அப்பா காலையில இருந்து எத்தனை கப் குடிச்சாரு? பேம்பர்ஸ் கடைசியா எப்ப மாத்துனீங்க?" எழுதி வைக்கும் தாள் இருந்தால் வாங்கிப் பாருங்கள். மதியமே இரவு 8 மணி வரைக்கும் ஒரே பேனாவில் 200, 200 என்று நிரப்பியிருந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. ஞாயிறு மட்டும் போகாமல் வார நாளில், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை போங்கள். உங்களால் முடியாவிட்டால் ஊரில் இருக்கும் சித்தியையோ மாமாவையோ எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

குடிக்க வைப்பதில் கொஞ்சம் தந்திரம் வேண்டும். விடியற்காலையில் பால்மரம் சீவப் போய்க் காலம் முழுக்கக் கோப்பி, தேத்தண்ணீரில் ஓட்டியவரிடம் வெறும் தண்ணீரை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கொடுங்கள் கோப்பியையே, மிதமாகக் கொடுத்தால் அதுவும் தண்ணீர்க் கணக்கில் சேரும். பார்லி தண்ணீர், ரசம், கஞ்சி, பப்பாளி, சர்க்கரை குறைத்த அகார் அகார் எல்லாம் உதவும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரக நோயாளிக்கு டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ஒரேயடியாக ஊற்றாமல் மணிக்கொருமுறை அரை கப், மாத்திரை கொடுக்கும்போது முழு கப். நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும். குடிக்கும்போது இருமினாலோ, குரல் கரகரத்தாலோ நிறுத்திவிட்டு விழுங்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், சிலருக்குத் தண்ணீரைக் கெட்டியாக்கும் மாவு கலந்துதான் தர வேண்டியிருக்கும். வேலைக்கு இருப்பவருக்குத் தமிழ் தெரியாது, பாட்டிக்கு மறதி நோயில் மலாய் மறந்துவிட்டது என்றால் கை ஜாடையைப் பழக்கிவிட்டு வாருங்கள்.

அரைமயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். 999க்கு அழையுங்கள். கடைசியாக எப்போது குடித்தார், எப்போது சிறுநீர் போனார் என்ற விவரத்தோடு மருந்துகளையும் பையோடு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். நீர் மாத்திரையையும் இனிப்புநீர் மாத்திரையையும் அன்று தொடரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இடுப்பு, குதிகால், முதுகு மூன்றையும் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுக்காத இடத்தில் திருப்பிப் படுக்க வைப்பதும் பெரும்பாலும் நடந்திருக்காது, படுக்கைப் புண் இருந்தால் அதையும் அறிக்கையில் எழுதிவிடுவார்கள்.

புகார் செய்வதற்கு முன் காப்பகம் பதிவானதா என்று பாருங்கள். நான்கு பேர் அல்லது அதற்கு மேல் தங்க வைத்துப் பராமரிக்கும் இடம் 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின்படி சமூகநலத் துறையில் பதிந்திருக்க வேண்டும். தாதியரை வைத்து மருத்துவப் பராமரிப்புத் தரும் நர்சிங் ஹோம் என்றால் அது சுகாதார அமைச்சின் கீழ் வரும். சான்றிதழ் சுவரில் இல்லையென்றால் கேட்டு வாங்கிப் பாருங்கள். குறைகளைத் தேதி போட்டு எழுதுங்கள், வாய், புண், தாள் எல்லாவற்றையும் படமெடுங்கள், பக்கத்துக் கட்டில் தாத்தா படத்தில் விழ வேண்டாம். நடத்துபவரிடம் முதலில் புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுத்தாகக் கேளுங்கள், பதிலும் பதிவாக இருக்கும். மசியவில்லை என்றால் மாவட்டச் சமூகநல அலுவலகம், அல்லது 24 மணி நேரமும் இயங்கும் அரசாங்க உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே (Talian Kasih), எண் 15999. உயிருக்கே ஆபத்தாகிவிட்டது என்றால் போலீஸ் ரிப்போர்ட்டும் செய்துவிட்டு, நகலை மருத்துவமனைக் கோப்போடு சேர்த்து வையுங்கள்.