வடசென்னை கூட்ஸ் பாதையில் நீராவி ரயில்: திட்டம் போடுவது எப்படி?

நீராவி ஸ்பெஷல் விட வேண்டும் என்று கிளம்பும் ரசிகர் குழு, முதல் வேலையாக மேப்பை விரித்து ராயபுரம், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, எண்ணூர் என்று சைடிங்குகளை (மெயின் லைனிலிருந்து ஆலை, கிடங்குகளுக்குப் பிரியும் கிளைத் தண்டவாளங்களை) எல்லாம் ஒரே கோட்டில் கோக்கப் பார்க்கும். அதை அப்புறம் செய்யலாம். தண்ணீர் எங்கே பிடிப்பது, இன்ஜினை ரயிலின் மறுமுனைக்கு எங்கே மாற்றுவது என்ற இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் ரூட் முடிவாகும்.

இன்ஜின் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 1855ல் இங்கிலாந்தின் லீட்ஸில் கட்டிய இ.ஐ.ஆர் 21 என்ற நீராவி இன்ஜினைப் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் 2010ல் மறுபடி ஓட வைத்தது. அதன் ஜோடி இன்ஜினான ஃபேரி குயீனின் கணக்கையே திட்டத்துக்கு அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம்: தண்ணீர் 3,000 லிட்டர், அதிகபட்ச வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர், பின்னால் இரண்டு பெட்டி. பெட்டியின் பிரேக்கும் இன்ஜினின் பிரேக்கும் ஒரே வகையா, ஏர் பிரேக்கா வேக்குவமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி தண்ணீர். ஒரு கிலோ கரி ஆறு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும் என்று வைத்தால், 3,000 லிட்டருக்கு அரை டன் கரி வேண்டும். காலையில் பாய்லரைச் சூடேற்றும் கரியும் விறகும் தனி. சைடிங் பயணத்தில் தூரத்தைவிட நேரம்தான் தண்ணீரைக் குடிக்கும். சிக்னலுக்காக நிற்கும்போதும் நெருப்பு எரிகிறது, சேஃப்டி வால்வு திறந்து நீராவி வீணாகப் போகிறது. அதனால் டேங்க் பாதியாகும் இடத்திலேயே மறுபடி நிரப்பத் திட்டமிடுங்கள். லாரி தண்டவாளத்தை ஒட்டி வந்து நிற்கக்கூடிய கூட்ஸ் ஷெட் இருந்தால் நல்லது. இரண்டு அங்குல ஹோஸில் தானாக இறங்கும் தண்ணீருக்குக் கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீரையே வாங்குங்கள். எண்ணூர், மீஞ்சூர் பக்கத்து போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அங்கே நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருக்கிறது. உப்பு கூடினால் பாய்லருக்குள் நுரை பொங்கி, நீராவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குப் போய்விடும். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் அதை முட்டினால் சிலிண்டர் மூடியே உடையும். பாய்லரின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கேஜ் கிளாஸில் மட்டம் துள்ளுவதும், புகைபோக்கி அழுக்குத் தண்ணீரைத் துப்புவதும் இதன் அறிகுறிகள். உடனே ரெகுலேட்டரை (சிலிண்டருக்கு நீராவி விடும் வால்வை) குறைத்து, சிலிண்டரில் சேர்ந்த தண்ணீரை வெளியேற்றும் சிலிண்டர் காக்குகளைத் திறக்க வேண்டும். இன்னொன்று, வெயிலில் நின்று சுட்டுப்போன தண்ணீரை, நீராவியின் வேகத்தால் தண்ணீரைப் பாய்லருக்குள் தள்ளும் இன்ஜெக்டர் எடுக்காது. நாற்பது ஐம்பது டிகிரியைத் தாண்டினால் நீராவி அதில் குளிர்ந்து நீராக மாறாமல், தண்ணீர் பாய்லருக்குள் போகாமல் வெளியே கொட்டும். லாரி விடியற்காலையில் வந்துவிட வேண்டும். முந்தின நாள் சாயங்காலமே கொண்டுவந்து நிறுத்துவதானால் நிழலில் நிறுத்துங்கள்.

பாய்லரை அவசரப்படுத்தக் கூடாது. ஆறிக் கிடக்கும் பாய்லருக்கு முந்தின இரவே சின்ன நெருப்பு வைத்து மெல்லச் சூடேற்ற வேண்டும். தாமிரமும் இரும்பும் ஒரே வேகத்தில் விரியாது. சீக்கிரம் சூடேற்றினால் பாய்லருக்குள் இருக்கும் டியூப்களின் (குழாய்களின்) முனைகள் கசியும், பயணம் ஷெட்டிலேயே முடிந்துவிடும்.

சைடிங் வளைவுகளைப் பற்றி ஒரு கணக்கு: 1,750ஐ வளைவின் டிகிரியால் (வளைவு எவ்வளவு கூர்மை என்பதைச் சொல்லும் எண்ணால்) வகுத்தால் மீட்டரில் ஆரம் கிடைக்கும். அகலப்பாதையில் 10 டிகிரி, அதாவது 175 மீட்டர்தான் எல்லை. பழைய தொழிற்சாலை லைன்களில் இதைவிட மோசமான வளைவும் இருக்கலாம். அளந்து பார்க்காமல் நுழையாதீர்கள். யார்டுக்குள் வேகம் 15 கிலோமீட்டர் என்றே நேரம் கணக்கிடுங்கள். மறுமுனையில் இன்ஜின் ரயிலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வர லூப் லைன் (பக்கத்துத் தண்டவாளம்) இல்லாவிட்டால் ரயிலின் பின்னால் ஒரு டீசல் இன்ஜின் வேண்டும்.

எண்ணெய் சைடிங்குகளைப் பட்டியலிலிருந்து முதலிலேயே அடித்துவிடுங்கள். மணலி சுத்திகரிப்பு ஆலைக்கோ தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளுக்கோ நெருப்பு எரியும் இன்ஜின் போகவே முடியாது. இப்படிப்பட்ட ஆலைகளுக்காகத்தான் நெருப்பே இல்லாமல், வெளியிலிருந்து நீராவியை நிரப்பிக்கொண்டு ஓடும் இன்ஜின்களை ஒரு காலத்தில் செய்தார்கள். துறைமுக லைனுக்குள் போக துறைமுகத்தின் அனுமதியும் பாதுகாப்புப் படையின் சம்மதமும் தனித்தனியாக வேண்டும்.

தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. மின்சாரத்தை நிறுத்தாமல் அதற்கு இரண்டு மீட்டருக்குள் யாரும் போகக் கூடாது. ஆகவே கரி ஏற்றுவது, இன்ஜின் மேல் ஏறிப் பார்ப்பது எல்லாம் கம்பி இல்லாத லைனில்தான். பயணிகளிடம் செல்ஃபி ஸ்டிக், குடை, உயரமான டிரைபாட் எதுவும் இருக்கக் கூடாது என்று டிக்கெட்டிலேயே அச்சடியுங்கள்.

படம் எடுப்பவர்களுக்காக இன்ஜின் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். எண்ணூர் லைன் வடக்கே போகிறது. டிசம்பர், ஜனவரி காலையில் வெயில் தென்கிழக்கிலிருந்து விழும். புகைபோக்கி வடக்கே பார்த்திருந்தால் இன்ஜின் முகம் நிழலில் போய்விடும். தெற்கே பார்த்து வைத்து, போகும்போது பின்னோக்கி ஓட்டி, திரும்பும்போது முன்னோக்கி வரவிட்டால் முகத்தில் நேராக வெளிச்சம். கடல் பக்கம் நின்று எடுங்கள். ரயிலை முந்நூறு மீட்டர் பின்னால் தள்ளி மறுபடி ஓடி வரச் சொல்லும் நிறுத்தங்களை எட்டு மணிக்குள் முடியுங்கள். காற்றில் சூடு ஏறிவிட்டால் வெள்ளை நீராவி கண்ணுக்கே தெரியாது. கறுப்புப் புகை கேட்டு ஃபயர்மேனைத் தொந்தரவு செய்யாதீர்கள். அது எரியாமல் வீணாகும் கரி. தண்டவாளத்தில் இறங்கி நிற்பது ரயில்வே சட்டம் 147வது பிரிவின்படி குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

விண்ணப்பம் ரயில்வேயின் சென்னை கோட்ட மேலாளர் அலுவலகத்துக்கு. சைடிங் உரிமையாளரின் கடிதத்தை முதலில் வாங்கி அதோடு இணையுங்கள். தேதி ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். எண்ணூர் வழியாகப் போகும் கும்மிடிப்பூண்டி லைனில் மின்சார ரயில்களுக்கு நடுவே 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு வார நாளில் இடம் கேட்பது நியாயமில்லை.

சாம்பலைக் குழி உள்ள இடத்தில்தான் தட்ட வேண்டும். கரித்தூளும் காய்ந்த புல்லும் கிடக்கும் சைடிங்கில் ஒரு கங்கு போதும், தீ பிடிக்க. புகைபோக்கிக்குக் கீழே இருக்கும் ஸ்மோக்பாக்ஸில் தீப்பொறி வலை கிழியாமல் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். ஷெட்டுக்குத் திரும்பியதும் நெருப்பை இறக்கி, பாய்லரில் தண்ணீர் மட்டத்தை உயர வைத்து, நெருப்புக்குக் காற்று விடும் டாம்பரை மூடி, தானாக ஆறவிடுங்கள்.