புது மூவ்மென்ட், பழைய தவறுகள்: ஆட்டோமேட்டிக் வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு

போன வருடம் என் ஆட்டோமேட்டிக் வாட்ச் (கை அசைவிலேயே சாவி ஏறும் வகை) திடீரென்று நாளுக்கு நாலு நிமிடம் முன்னால் ஓட ஆரம்பித்தது. பெரிய செலவு வரப்போகிறது என்ற பயத்தோடு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பின்மூடியைத் திறக்கவே இல்லை. சின்னத் திசைகாட்டி ஒன்றை வாட்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். முள் சட்டென்று திரும்பியது. வாட்சைக் காந்தம் நீக்கும் கருவியின் மேல் வைத்து, பட்டனை அழுத்தியபடியே மெல்ல மேலே தூக்கி விலக்கினார். அவ்வளவுதான், சரியாகிவிட்டது. இரவில் டேப்லெட் உறையின் மேல் வாட்சை வைத்துவிட்டுத் தூங்கும் பழக்கம் எனக்கு. அந்த உறையில் இருந்த காந்தம்தான் காரணம்.

வாட்சின் ஓட்ட வேகத்தைக் கட்டுப்படுத்தும், தலைமுடி போல மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தது போல ஆகி, வாட்ச் வேகமாக ஓடும். ஆகவே திடீர் வேகத்தைப் பார்த்ததும் திறந்து நேரத்தைத் திருத்தச் சொல்லாதீர்கள். முதலில் காந்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தத் தொல்லையைத் தீர்ப்பதில் பொறியாளர்கள் நிஜமாகவே வெகுதூரம் போயிருக்கிறார்கள். ஒமேகாவின் மாஸ்டர் குரோனோமீட்டர் வாட்சுகளில் இருப்பது சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங். 15,000 காஸ் (காந்தப் புலத்தின் வலிமையை அளக்கும் அலகு) காந்தப் புலத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள். காந்தத்தைத் தாங்கும் வாட்சுக்கான வழக்கமான ஐஎஸ்ஓ தரம் கேட்பதோ சுமார் 60 காஸ்தான். பெயரையும் டயலையும் மட்டும் பார்த்து, எல்லா மாடலிலும் இந்த வசதி இருக்கும் என்று நினைப்பது தவறு. சீமாஸ்டர் டைவர் 300எம் மாடலுக்குப் புது 8800 மூவ்மென்ட் (வாட்சின் உள்ளே இருக்கும் இயந்திரம்) வந்தது 2018-இல்தான். ரோலெக்ஸிலும் ஒரே பெயரில் மூவ்மென்ட் மாறியிருக்கிறது: சப்மரைனர் டேட் மாடலில் 3235 மூவ்மென்ட் வந்தது 2020-இல். செகண்ட்ஹேண்ட் வாங்குபவர்கள் மூவ்மென்ட் எண்ணைக் கேட்காமல் பணம் கொடுக்கவே கூடாது.

தேதி மாற்றுவதிலும் இதே கதைதான். 3235-இல் எந்த நேரத்திலும் தேதியை மாற்றலாம். சாதாரண மூவ்மென்ட் பலவற்றில் இரவு 9 மணியிலிருந்து 3 மணி வரை தேதிச் சக்கரத்தோடு பற்கள் கோத்திருக்கும். அப்போது பக்கவாட்டுக் குமிழைத் திருகித் தேதியை மாற்றினால் பல் உடையலாம். சந்தேகமாக இருந்தால் முட்களை 6 மணிக்குக் கொண்டுவந்துவிட்டு மாற்றுங்கள்.

சாவி அதிகமாகக் கொடுத்தால் ஸ்பிரிங் அறுந்துவிடும் என்ற பயம் வேண்டாம். ஆட்டோமேட்டிக்கில் சாவியின் சக்தியைச் சேமிக்கும் மெயின்ஸ்பிரிங்கின் நுனி முழுதாகச் சுற்றியதும் வழுக்கிவிடும். நின்ற வாட்சை ஆட்டி ஆட்டி ஓட வைப்பதைவிட, குமிழை 30 சுற்று திருகிவிட்டுக் கட்டுவதே நல்லது. 3235 முழுச் சாவியில் சுமார் 70 மணி நேரம் ஓடும். வெள்ளி மாலை கழற்றி வைத்தால் திங்கள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே வாட்ச் வைத்திருப்பவருக்கு, வாட்சைச் சுழற்றிச் சாவி கொடுக்கும் பெட்டி எதற்கு?

அப்புறம் சர்வீஸ். ஆங்கிலேய வாட்ச் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸ் கண்டுபிடித்த கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்ட்டை (ஸ்பிரிங்கின் சக்தியைத் துளித்துளியாக விடும் பகுதி) ஒமேகா 1999-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பற்கள் உரசிச் சறுக்குவதைப் பெருமளவு குறைத்ததுதான் அதன் பெருமை. எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பும் அதுதான். ஆனால் அதனால் எண்ணெயே தேவையில்லை என்று ஆகிவிடாது. மற்றச் சக்கரங்களின் அச்சுகளில் எண்ணெய் காய்ந்துகொண்டேதான் இருக்கும். வாட்ச் ஓடுகிறதே என்று விட்டுவிட்டால் அச்சின் இரும்பும் அதைத் தாங்கும் கல்லும் வெறுமனே உரசித் தேயும். தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையங்களும் இப்படித்தான் முதுமை அடையும்.

வருடத்துக்கு ஒருமுறை முழுச் சாவி கொடுத்து மேசையில் வைத்து, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 70 மணி நேரம் ஓட வேண்டியது 50-லேயே நின்றால், அன்றைக்கே சர்வீசுக்குக் கொடுத்துவிடுங்கள்.