வியட்நாமில் கம்பெனி தொடங்குகிறீர்களா? பணம் எந்தக் கணக்கில் விழுகிறது என்று பாருங்கள்

சைகோனில் கம்பெனியைப் பதிவு செய்வதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதலீட்டுப் பதிவுச் சான்றிதழ், நிறுவனப் பதிவுச் சான்றிதழ் இரண்டையும் ஏஜென்டே வாங்கித் தந்துவிடுவார். முத்திரை, வரி எண், மின்னணு பில் எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். ஊரில் வாங்க வேண்டிய ஆவணங்களுக்கு அங்கேயே தூதரகச் சான்று வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். அவ்வளவுதான்.

சிக்கல் அடுத்த கட்டத்தில். நானும் நண்பரும் சேர்ந்து மிளகு, பட்டை ஏற்றுமதிக்காக ஒரு கம்பெனி தொடங்கினோம். உலகத்திலேயே அதிகம் மிளகு ஏற்றுமதி செய்யும் நாடு இது, சரக்குக்குப் பஞ்சமே இல்லை. மூலதனம் எவ்வளவு என்று எழுதும் இடத்தில் ஏஜென்ட் 300 கோடி டாங் (வியட்நாம் பணம்) போடச் சொன்னார். அதற்குக் குறைந்தால் முதலீட்டாளருக்கு ஓராண்டு விசாதான், 300 கோடியைத் தொட்டால் மூன்றாண்டு வரை வசிப்பிட அட்டை கிடைக்கும். அது உண்மைதான். ஆனால் எழுதிய தொகை முழுவதையும், நிறுவனப் பதிவுச் சான்றிதழ் தேதியிலிருந்து 90 நாளுக்குள் கட்டியாக வேண்டும் என்பதை மட்டும் அவர் அழுத்திச் சொல்லவில்லை. சரி, அதையும் கட்டினோம். கட்டிய இடம்தான் தப்பு.

வெளிநாட்டு மூலதனம் வருவதற்கென்று இங்கே தனியாக ஒரு கணக்கு உண்டு, டிகா என்பார்கள். மூலதனம் அதன் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும், லாபமும் அதன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். எங்களுக்கு டிகா திறக்கத் தாமதமானது, கம்பெனியின் சாதாரண நடப்புக் கணக்கு முதலிலேயே தயாராகிவிட்டது. நண்பர் அவசரக்காரர், பணத்தை அதிலேயே போட்டுவிட்டார், அதிலும் ஒரு பகுதி அவருடைய மச்சான் கணக்கிலிருந்து. நம்மூரில் பங்குதாரர் எந்த வழியில் பணம் போட்டாலும் வருடக் கடைசியில் ஆடிட்டர் ஒரு பதிவு எழுதிச் சரிசெய்துவிடுவார் இல்லையா, அந்தத் தைரியம்தான். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அதனால் அவரை மட்டும் திட்டி என்ன பயன்.

முதல் வருடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. லாபம் வந்தது, தணிக்கை முடிந்தது, வரியும் கட்டியாயிற்று. லாபத்தை ஊருக்கு அனுப்ப வங்கிக்குப் போனபோதுதான், "உங்கள் மூலதனம் வந்ததற்கான பதிவே இல்லையே" என்றார் அங்கே வேலை பார்க்கும் பெண். செலவழிக்காமல் கிடந்த பணத்தை ஊருக்குத் திருப்பி அனுப்பி மறுபடி டிகாவுக்கு வரவழைத்தோம், இரண்டு முறையும் மாற்று விகிதத்தில் கையைச் சுட்டுக்கொண்டோம். 90 நாள் எப்போதோ தாண்டிவிட்டதால் அபராதம் வேறு.

ஆகவே டிகா எண் கைக்கு வரும்வரை ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கணக்கிலிருந்தே அனுப்புங்கள், மூலதனப் பங்களிப்பு என்று நோக்கத்தைக் குறிப்பிடச் சொல்லுங்கள், வங்கிச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். 90 நாளில் புரட்ட முடிகிற தொகையை மட்டும் எழுதுங்கள், வசிப்பிட அட்டைக்கு ஆசைப்பட்டு ஏற்றாதீர்கள். இந்தியாவிலிருந்து அனுப்பும் தனிநபருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் வரம்பு. பங்குக்கான ஆவணத்தை ஆறு மாதத்துக்குள் அங்குள்ள வங்கியில் கொடுக்கவும் வேண்டும்.

அன்று வங்கியிலிருந்து நேராக ட்ரூங் டின் தெருவிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். நம்மவர்கள் கட்டிய கோயில், இப்போது கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாம்காரர்கள். இதே ஊரில் வட்டிக்கடை நடத்திய செட்டியார்கள் இருந்திருந்தால் எங்கள் கணக்கைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

மச்சான் கணக்கிலிருந்து வந்து செலவாகிப்போன பணம் மட்டும் இன்னும் தீரவில்லை. அது கடனா மூலதனமா என்று கணக்காளர் ஒவ்வொரு மார்ச்சிலும் கேட்கிறார். லாபம் டாங்காகவே கிடக்கிறது, அதை வைத்து மறுபடியும் மிளகுதான் வாங்குகிறோம்.