பல ஊர்க் குப்பைக்கு ஒரே திட்டம்: எங்கே தவறுகிறோம்?

பத்துப் பதினைந்து உள்ளாட்சிகள் ஒன்றுசேர்ந்து ஒரு குப்பைக் கிடங்கையோ எரிஉலையையோ உரக்கூடத்தையோ பொதுவில் நடத்துவதால் நன்மை உண்டு என்பதில் ஐயமில்லை. ஒரு சிற்றூர் தனியாக வாங்க முடியாத இயந்திரத்தைச் சேர்ந்து வாங்கலாம். தரையில் தடுப்புப் படலம் விரித்து, கசிவுநீரைச் சுத்திகரிக்கும் வசதியுடன் ஒரே கிடங்கை முறையாக அமைக்கலாம். ஆனால் அந்த ஏற்பாட்டில் எதை மாற்றுவதானாலும் அத்தனை ஊர்களும் சம்மதிக்க வேண்டும். குப்பையோ எவருடைய சம்மதத்துக்கும் காத்திராமல் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டிருக்கிறது. மண்டலத் திட்டங்கள் தடுமாறிய இடங்களை உற்றுப் பார்த்தால், இயந்திரம் பழுதாகிக் கெட்டவற்றைவிட, ஒப்பந்தம் எழுதிய நாளில் வந்த குப்பையே இறுதிவரை வரும் என்று நம்பிக் கெட்டவை அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த நம்பிக்கை மிக ஆழமாக வேரூன்றும் இடம், ‘ஆண்டுக்கு இத்தனை டன் குப்பை தருவோம்’ என்ற உறுதிமொழி. எரிஉலை போன்ற பெரிய ஆலைக்குப் போட்ட முதல் திரும்ப இருபது ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதால், கடன் கொடுப்பவர் இந்த உத்தரவாதத்தைக் கேட்பது இயல்பு. குறைந்தால் குறைந்த டன்னுக்கும் பணம் கட்ட வேண்டும். சில ஆண்டுகளில் வீடுகளில் மக்கும் குப்பையைப் பிரித்து வாங்கும் பழக்கம் வேரூன்றி, ஆலைக்குப் போகும் லாரிகள் குறைந்தால், மக்கள் ஒழுங்காகத் தரம் பிரித்ததற்காக உள்ளாட்சி தண்டம் கட்டும் விசித்திரம் நடக்கிறது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கிளார்க்ஸ்டவுன் இதற்கு வேறொரு கோணத்தில் சாட்சி. அங்கே தனியார் ஒருவர் கட்டிய குப்பை இடைமாற்று நிலையத்துக்கு (ஊர்க் குப்பையைச் சேர்த்து வேறிடங்களுக்கு அனுப்பும் இடம்) ஆண்டுக்கு 1,20,000 டன் வரும் என்று நகரம் உறுதி கொடுத்திருந்தது. அதைக் காப்பாற்ற, ஊர்க் குப்பை முழுவதும் அந்த நிலையத்தின் வழியாகவே போக வேண்டும் என்று சட்டமும் போட்டது. 1994-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. பொது அமைப்பே உரிமையாளராக இருக்கும் நிலையங்களுக்கு அப்படி விதி வகுக்கலாம் என்று அதே நீதிமன்றம் சொல்ல 2007 ஆயிற்று. குப்பையின் தன்மை மட்டுமன்றி, அதை எங்கே அனுப்பலாம் என்ற சட்டமும் ஒப்பந்த காலத்துக்குள்ளேயே மாறக்கூடும்.

எரிஉலையில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. உலையின் கொள்ளளவை டன்னில் எழுதி வைத்தாலும், அது உண்மையில் தாங்குவது வெப்பத்தையே. ஈரக் குப்பை மிகுந்து, வெப்ப மதிப்பு, அதாவது ஒரு கிலோ எரிந்தால் கிடைக்கும் வெப்பம், சுமார் 6-7 மெகாஜூலுக்குக் கீழே போனால், குப்பை தானாக எரியாமல் எண்ணெய் ஊற்ற வேண்டிவரும். ஈரக் குப்பையைப் பிரித்துவிட்டாலோ எஞ்சியது சூடாக எரியும். அதே உலையால் முன்னைவிடக் குறைந்த டன்னையே எரிக்க முடியும். பிளாஸ்டிக்கையும் காகிதத்தையும் தனியே எடுத்தால் நிலைமை தலைகீழ். ஆகவே தரம் பிரிக்கும் திட்டத்தை ஒரு குழுவும் எரிஉலைத் திட்டத்தை வேறொரு குழுவும், ஒருவர் கணக்கை ஒருவர் பாராமல் வகுப்பது பெரும் பிழை. உத்தரவாதத்தை, தரம் பிரித்தபின் எஞ்சும் குப்பைக்கு மட்டும் கொடுத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைத் திருத்த ஒப்பந்தத்திலேயே வழி வைப்பதும், ஆலையைச் சிறு சிறு அலகுகளாகக் கட்டுவதும் பாதுகாப்பானவை.

எடையை மட்டும் நம்புவது அடுத்த பிழை. மழைநாள் காலையில் கிடங்கு வாசலில் நின்று பார்த்தால் புரியும்: எடைமேடையில் ஏறி நிற்கும் லாரியின் பின்கதவு இடுக்கிலிருந்து கறுத்த நீர் ஒழுகிக்கொண்டிருக்கும், திரையில் எண் நிலைத்ததும் சீட்டு வரும், அந்தச் சீட்டில் உள்ள மழைநீருக்கும் அந்த ஊர் பணம் கட்டும். மூடிய வண்டியில் அனுப்பும் பக்கத்து ஊர் குறைவாகக் கட்டும். செலவைப் பங்கிடும் கூட்டங்களில் எழும் மனக்கசப்புகளில் சில இங்கேதான் முளைக்கின்றன. மறுபக்கம், செய்தித்தாள் குறைந்து அட்டைப்பெட்டி பெருகி, புட்டிகள் மெலிந்ததால், பல இடங்களில் குப்பை கனம் குறைந்து இடத்தை அடைக்கிறது. லாரி எடை ஏறும் முன்பே நிரம்பிவிடும், நடைகள் கூடும், பதிவேட்டிலோ டன் குறைந்திருக்கும். அதைப் பார்த்துக் குப்பை குறைந்ததாக மகிழ்ந்து வண்டிகளைக் குறைத்தால் தெருமுனைகளில் குவியல்கள் எழும். பருவத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு ஊரின் ஒரு லாரிக் குப்பையைத் தரையில் கொட்டி, கையால் வகை பிரித்து, தனித்தனியே நிறுத்துப் பார்க்காமல் எந்தக் கணிப்பையும் நம்பக் கூடாது.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிப்பதன் விலையை இந்தோனேசியாவின் பண்டுங் நகரம் இருமுறை கொடுத்தது. 2005 பிப்ரவரி 21 அன்று, கனமழைக்குப் பின் லியூவிகாஜா குப்பைமேடு சரிந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கிடங்கு மூடப்பட, மாற்று இடமில்லாமல் நகரத் தெருக்களில் குப்பை மலைபோல் தேங்கியது. பின்னர் அந்த வட்டாரத்தின் ஊர்கள் சேர்ந்து பயன்படுத்திய சாரிமுக்தி கிடங்கில் 2023 ஆகஸ்டில் தீப்பிடித்தபோது, மீண்டும் அதே தேக்கம். லெபனான் தலைநகர் பெய்ரூட் பகுதிக்கு 1997-இல் சில ஆண்டுகளுக்கென்று திறந்த நாமே கிடங்கு, 2015 ஜூலையில் மாற்று ஏதும் தயாராகாமலே மூடப்பட்டது. தற்காலிகம் என்ற சொல் இத்துறையில் எவ்வளவு நீளும் என்பதற்கு, 1948-இல் அப்படித் திறக்கப்பட்டு 2001 வரை ஓடிய நியூயார்க்கின் ஃபிரெஷ் கில்ஸ் கிடங்கே போதும். முதன்மைக் கிடங்கு சில வாரங்கள் மூடினால் எந்த ஊர்க் குப்பை எங்கே போகும் என்பதை முன்னதாகவே எழுத்தில் வைத்திருக்க வேண்டும். பேரிடர் இடிபாடுகளுக்கான திடலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2011 நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் பின் ஜப்பான் அள்ள வேண்டியிருந்த இடிபாடு மட்டும் சுமார் 2 கோடி டன்.

மறுசுழற்சி வருமானத்தை நிலையான வரவாக எழுதிக்கொள்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2018 தொடக்கத்தில் சீனா 24 வகைக் கழிவுகளின் இறக்குமதியைத் தடுத்து, பிறவற்றிலும் பெரும்பாலானவற்றுக்குக் கலப்பு 0.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றபோது, விற்று வந்த காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் காசு கொடுத்து அகற்றும் நிலைக்குப் பல நாட்டு நகரங்கள் வந்தன. விலை இறங்கும் ஆண்டுக்கென ஒரு நிதியை ஒதுக்காமல், கூடிய விலையை வைத்து வரவுசெலவு போடுவது தற்கொலைக்குச் சமம்.

புதிதாக வரும் பொருள்களை முதலில் காண்பவர்கள் குப்பையைத் தொடும் தொழிலாளர்கள்தாம். குப்பையை அமுக்கி ஏற்றும் கம்பாக்டர் லாரியின் தட்டு நசுக்கியதும் ஒரு கைப்பேசி பேட்டரி புகையத் தொடங்குவதை அவர்கள் பார்த்து நெடுங்காலம் கழித்தே ஆவணங்கள் அதைப் பேசுகின்றன. அவர்களையும், பழைய பொருள் பொறுக்கிப் பிழைப்போரையும் கேளாமல் திட்டத்தைத் திருத்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது.

கடைசியாக, உறுப்பு ஊர் ஒன்று விலக நினைக்கும்போது என்ன செய்வது என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரியும் இருப்பதில்லை. மூடிய கிடங்கிலும் கசிவுநீரும் வாயுவும் நிற்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999 நெறிமுறை, குறைந்தது 30 ஆண்டுப் பராமரிப்புச் செலவைக் கிடங்குக் கட்டணத்திலேயே இயன்றவரை சேர்க்கச் சொல்வது அதனால்தான். விலகும் ஊர் தன் லாரிகளைத் திருப்பிக்கொள்ளலாம். இருபது ஆண்டுகளாகக் கொட்டியதைத் திருப்பி எடுத்துப்போகாது. அதன் பராமரிப்புச் செலவில் அந்த ஊரின் பங்கை, விலகும் நாளில் வாதாடி வாங்குவதைவிட, முதல் லாரி எடைமேடையில் ஏறிய நாளிலிருந்தே டன் கணக்கில் வசூலித்துத் தனிக்கணக்கில் போட்டுவைப்பது எளிது.